விரதம் இருந்தால் முடக்குவாதம் போய்விடுமா?

டாக்டரம்மா பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: ஆட்டோஃபேஜி, அதாவது செல் தன் பழுதான பாகங்களைத் தானே கரைத்துக்கொள்கிற வேலை. ஏதோ ஒரு வீடியோ கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர் என்று எல்லா குடும்ப குரூப்பிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது போல. அதையொட்டிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். தைராய்டு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்கு வயது 52. ஆறு வருடமாக முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்கிற மூட்டு நோய்). வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட், தினமும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிட்டு வந்தாள். 16 மணி நேரம் பட்டினி இருந்தால் ஆட்டோஃபேஜி தொடங்கி உடம்பே நோயைத் தின்றுவிடும், ஜப்பான்காரர் இதற்கு நோபல் பரிசு வாங்கியிருக்கிறார் என்று மகன் ஒரு வீடியோ அனுப்பினான். ஒரு மாதமாக மாத்திரையை நிறுத்திவிட்டு, மதியம் வரை வெறும் தண்ணீர்தான் குடிக்கிறாள். வலி கூடவில்லை. இப்படியே தொடரலாமா?
— வாசகர், பல்லடம்

தொடர வேண்டாங்க. இந்த வாரமே மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போங்கள். அதற்குள் நீங்களாகவே மெத்தோட்ரெக்சேட்டைத் தொடங்கிவிடாதீர்கள். அதைவிட முக்கியம், விட்டுப்போன வாரங்களின் மாத்திரையையும் சேர்த்து ஒரே நாளில் போட்டுவிடாதீர்கள். அது வாரம் ஒருமுறை மருந்து. தவறுதலாகத் தினமும் போட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் இறங்கி, ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வலி கூடவில்லை என்கிறீர்களே, அதற்குக் காரணம் பட்டினி என்று எப்படித் தெரியும்? ஹைட்ராக்சிகுளோரோகுயின் உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். மெத்தோட்ரெக்சேட்டின் வேலையும் நிறுத்திய மறுநாளே நின்றுவிடாது. உங்கள் வீட்டம்மா இப்போது நடமாடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் போன மாதத்து மாத்திரையின் புண்ணியத்தில்தான். அது தீரும்போதுதான் நோய் திரும்பும். திரும்பி வரும்போது வலி மட்டும் வந்தால் பரவாயில்லை, மூட்டெலும்பை அரித்துவிட்டால் அந்த அரிப்பை எந்த மருந்தாலும் திரும்ப நிரப்ப முடியாது.

சரி, ஆட்டோஃபேஜி பொய்யா? பொய்யில்லை. வீடியோவில் அந்த ஒரு பாதி உண்மை. நீங்கள் பல்லடம் என்பதால் சுலபமாகச் சொல்லிவிடலாம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் விழுகிற கட்டிங் வேஸ்ட் குப்பைக்குப் போவதில்லை. மூட்டை கட்டி, அரைத்துப் பஞ்சாக்கி, ஓப்பன் எண்ட் மில்லில் திரும்ப நூலாக்கிவிடுகிறார்கள். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லும் இதைத்தான் செய்கிறது. பழுதான புரதம், செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவில் கெட்டுப்போனவை, உள்ளே நுழைந்த கிருமி என்று எதைக் கண்டாலும் ஒரு சவ்வால் சுற்றி மூட்டை கட்டி, லைசோசோம் என்கிற அமிலப் பைக்குள் தள்ளிக் கரைக்கிறது. கரைந்து வருவதைத் திரும்ப உபயோகித்துக்கொள்கிறது. இது பட்டினி இருந்தால்தான் நடக்கும் என்பதில்லை. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதும் உங்களுக்குள் நடக்கிறது. பட்டினியில் வேகம் கூடும், அவ்வளவுதான்.

ஜப்பான்காரர் யோஷினோரி ஓசுமி. 2016இல் மருத்துவ நோபல். அவர் பட்டினி போட்டது மனிதர்களை அல்ல, ரொட்டி புளிக்க வைக்கிற ஈஸ்டை. நைட்ரஜன் இல்லாத கரைசலில் விட்டு, கரைக்கும் நொதி இல்லாத ஈஸ்டுக்குள் மூட்டைகள் குவிவதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். 1993இல் அந்த வேலைக்கு வேண்டிய 15 மரபணுக்களை இனம் கண்டார். மகத்தான வேலை. முடக்குவாதத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது.

இதற்கும் நாள்பட்ட அழற்சிக்கும், அதாவது உடம்பின் எதிர்ப்பால் வரும் வீக்கத்துக்கும் வலிக்கும், என்ன உறவு? கெட்டுப்போன மைட்டோகாண்ட்ரியாவைச் சரியான நேரத்தில் அப்புறப்படுத்தாவிட்டால் அதிலிருந்து கசிகிறவற்றை, ஏதோ கிருமி வந்துவிட்டது என்று செல் எடுத்துக்கொள்கிறது. இன்ஃப்ளமசோம் என்ற புரதக் கூட்டு கூடி, இன்டர்லூகின்-1 என்கிற அழற்சிப் பொருளை வெளியே விடுகிறது. ஆட்டோஃபேஜிக்கு வேண்டிய மரபணுவை எடுத்துவிட்ட எலிகளின் செல்களில் இது தாறுமாறாக வெளிவருவதை 2008இல் ஜப்பானியர்கள் காட்டினார்கள். அதனால் ஆட்டோஃபேஜி குறைந்தால் அழற்சி கூடும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. அதைத் திருப்பிப் போட்டு, ஆட்டோஃபேஜியைக் கூட்டினால் எல்லா அழற்சியும் அடங்கும் என்று சொல்லும்போதுதான் வீடியோ வழுக்குகிறது. அடுத்த பதிலையும் படியுங்கள், ஏன் என்று தெரியும்.

அந்த 16 மணி நேரக் கணக்கும் அப்படித்தான். பட்டினி ஆராய்ச்சி பெரும்பாலும் எலியில் நடந்தது. ஒரு நாள் முழுக்கப் பட்டினி போட்டால் சுண்டெலி தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் இழந்துவிடும். உங்கள் வீட்டம்மா 60 கிலோ என்றால், ஆறு கிலோவுக்கு மேல் ஒரே நாளில் இறங்குகிற மாதிரி. எலியின் ஒரு நாளை மனுசனின் ஒரு காலைச் சாப்பாட்டோடு ஒப்பிட முடியுமா?

மனிதர்களிடம் ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்லமாட்டேன். 1991இல் நார்வேயில் முடக்குவாதக்காரர்கள் 53 பேரை எடுத்து, ஒரு பாதியை ஏழு முதல் பத்து நாள் விரதம் இருக்கச் செய்து, அதன் பிறகு ஒரு வருடம் சைவச் சாப்பாட்டில் வைத்தார்கள். அவர்களுக்கு வலியும் வீக்கமும் உண்மையிலேயே குறைந்தன. ஆனால் அது மேற்பார்வையில் இருந்த விரதம், பின்னால் ஒரு வருட உணவு மாற்றமும் சேர்ந்தது. வெறும் விரதம் மட்டும் இருந்தவர்களைப் பார்த்த வேறு ஆய்வுகளில், பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் வலியும் திரும்பிவிட்டது.

வீட்டம்மாவுக்கு நேரத்தோடு சாப்பிடும் பழக்கம் பிடித்திருந்தால் ராத்திரி ஏழு மணிக்கு முடித்துக் காலை ஏழு மணிக்கு இட்லி சாப்பிடட்டும். பன்னிரண்டு மணி நேர இடைவெளி தானாக வந்துவிடும், யாருக்கும் கெடுதல் இல்லை. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ போடுகிறவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள், எடை ஏற்கெனவே குறைவாக உள்ளவர்கள் அதற்கு மேல் நீட்ட வேண்டாம்.

நோய் அடங்கியிருக்கிறதா என்று பார்க்க என் வழி ஒன்று உண்டு. என்னிடம் வரும் முடக்குவாதக்காரர்களில் எருமை வைத்திருக்கிற பெண்கள் அதிகம். “வெடியால எந்திரிச்சா வெரலு மடங்கறதில்லைங்க டாக்டரம்மா” என்பார்கள். என் ரெண்டு விரலை நீட்டி, “கறந்து காட்டுங்க கண்ணு” என்பேன். நோய் அடங்கியவர் பிடித்தால் எனக்கு வலிக்கும். அடங்காதவரின் பெருவிரல் வரும், மற்ற விரல்கள் பாதியிலேயே நின்றுவிடும். முகத்தைப் பார்த்தாலே தெரியும். காலை விறைப்பு எத்தனை நேரம் நிற்கிறது, கை எவ்வளவு மூடுகிறது என்று நீங்களும் வீட்டில் பாருங்கள். அதோடு அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனைகளை எடுத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

பி.பார்ம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். குளோரோகுயின் வகை மருந்துகள் ஆட்டோஃபேஜியைத் தடுக்கும் என்று வகுப்பில் சொன்னார்கள். ஆட்டோஃபேஜி நல்லது என்றால், அதைத் தடுக்கும் மருந்தை ஏன் முடக்குவாதத்துக்கும், நோயெதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸுக்கும் கொடுக்கிறோம்? சாரிடம் கேட்டேன், “பரீட்சைக்கு வராது” என்றார்.
— மாணவி, குமாரபாளையம்

பரீட்சைக்கு வராததைக் கேட்டதற்காகவே உனக்கு நீளமாக எழுதலாம் அம்மிணி.

உன் வகுப்பில் சொன்னது சரி. ஹைட்ராக்சிகுளோரோகுயின் லைசோசோமுக்குள் போய்ச் சேர்ந்து அங்கே இருக்கும் அமிலத்தன்மையைக் குறைக்கிறது. மூட்டை கட்டப்படும், ஆனால் கரையாது. அதாவது இது ஆட்டோஃபேஜியைக் கடைசிப் படியில் நிறுத்துகிற மருந்து. இருந்தும் அழற்சியைக் குறைக்கிறது.

மூட்டுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் முடிச்சு அவிழும். முடக்குவாதத்தில் மூட்டின் உள்சவ்வில் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் தடித்துப் பெருகி, குருத்தெலும்பை அரிக்கின்றன. நெருக்கடியான அந்த இடத்தில் அவை செத்துப்போயிருக்க வேண்டும். சாகாமல் தாக்குப்பிடிக்க ஆட்டோஃபேஜிதான் கைகொடுக்கிறது. எலும்பைத் தின்னும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களுக்கும் டிஎன்எஃப் என்கிற அழற்சிப் பொருளின் தூண்டுதலில் ஆட்டோஃபேஜி கூடுகிறது. இன்னொன்று, ஆன்டி-சிசிபி டெஸ்ட் கேள்விப்பட்டிருப்பாய். சிட்ருலின் என்ற மாறிய அமினோ அமிலம் ஏறிய புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருளைப் பார்க்கிற டெஸ்ட் அது. அந்தப் புரதத் துண்டுகளை நோயெதிர்ப்புச் செல்கள் எடுத்து டி-செல்லுக்குக் காட்டுவதிலும் ஆட்டோஃபேஜிக்குப் பங்கு உண்டு என்று ஆய்வகச் சோதனைகள் சொல்கின்றன.

ஆக, குடலில் கிருமியைச் சுத்தம் செய்கிற அதே வேலை, மூட்டில் கெட்ட செல்லுக்கு ஆயுள் கொடுக்கிறது. எந்த உறுப்பு, எந்த செல், நோயின் எந்தக் கட்டம் என்று கேட்காமல் ஆட்டோஃபேஜி நல்லதா கெட்டதா என்று கேட்டால் பதில் கிடைக்காது.

ஆனால் மருந்து வேலை செய்வது இந்த ஒரு வழியில்தான் என்றும் எழுதிவிடாதே. கிருமியை அடையாளம் காணும் டிஎல்ஆர்-7, டிஎல்ஆர்-9 என்ற உணரிகளும் செல்லுக்குள் இதே அமிலப் பைகளில்தான் உட்கார்ந்திருக்கின்றன. லூபஸில் அவற்றை அடக்குவதற்குப் பெரிய பங்கு உண்டு. இந்த மருந்து வந்த கதையும் வேடிக்கை. இரண்டாம் உலகப்போரில் மலேரியாவுக்காக, இதற்கு முன்னோடியான மெபாக்ரின் சாப்பிட்ட சிப்பாய்களுக்கு மூட்டுவலியும் தோல் தடிப்பும் குறைந்தன. காரணம் அப்போது யாருக்கும் தெரியாது. லைசோசோம் என்று ஒன்று இருப்பதையே கிறிஸ்டியன் டி டூவ் 1955இல்தான் அறிவித்தார்.

மருந்துக்கடையில் நிற்கப்போகிறவள் என்பதால் ஒன்று: ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஒரு கிலோ எடைக்கு தினம் 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கண்ணைப் பாதிக்கக்கூடும் என்பதால் தொடங்கும்போது ஒரு கண் பரிசோதனை, ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடா வருடம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இன்னும் சீக்கிரமே. சீட்டைப் பார்த்து மாத்திரையை மட்டும் எடுத்துக் கொடுக்காமல், கண் பார்த்தீங்களா என்று ஒரு வார்த்தை கேள். நிறையப் பேர் பார்ப்பதில்லை.

என் தம்பிக்கு 23 வயது. வயிற்றுவலி, பேதி, எடை குறைவு என்று போனதில் குடலில் புண் என்றார்கள். முதலில் டிபி மருந்து கொடுத்தார்கள். இப்போது டிபி இல்லை, குரோன்ஸ் என்கிற குடல் அழற்சி நோய் என்கிறார்கள். முதல் டாக்டர் தப்பாகக் கண்டுபிடித்தாரா? இது பரம்பரை நோயா? எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.
— வாசகி, கோபிசெட்டிபாளையம்

முதல் டாக்டர் மேல் கோபப்பட வேண்டாம். நம் ஊரில் இந்த இரண்டையும் பிரிப்பது உள்ளபடியே கஷ்டம். இரண்டும் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்குகிற அதே இடத்தில் வரும். இரண்டிலும் புண், சுருக்கம், காய்ச்சல், எடை இழப்பு. கொலோனோஸ்கோப்பியில் பார்த்தாலும், சதை எடுத்து டெஸ்ட் செய்தாலும் பல நேரம் முடிவு வராது. குடல் டிபியில் கிருமி மிகக் குறைவாக இருப்பதால், டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் டெஸ்ட்டிலும் சிக்காமல் போகும்.

குழப்பமாக இருந்தால் முதலில் டிபி மருந்து கொடுத்துப் பார்ப்பது இந்தியாவில் வழக்கம். குரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்து, உள்ளே இருந்தது டிபியாகப் போனால் அது உடம்பெல்லாம் பரவிவிடும். டிபி மருந்து தொடங்கி இரண்டு மாதம் கழித்துத் திரும்ப கொலோனோஸ்கோப்பி செய்து புண் ஆறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். “இப்ப கொஞ்சம் தேவலைங்க” என்று நோயாளி சொல்வதை மட்டும் நம்பக் கூடாது, குரோன்ஸ்காரர்களுக்கும் டிபி மருந்தில் கொஞ்ச நாள் தேவலை மாதிரி இருக்கும். இரண்டு மாதத்தில் பார்க்காமல் ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று இழுத்தால் குடல் சுருங்கிவிடுகிறது. என் வருத்தம் அதில்தான். உங்கள் தம்பிக்கு எப்போது திரும்பப் பார்த்தார்கள் என்று கடிதத்தில் இல்லை.

பரம்பரை பற்றி. ஆட்டோஃபேஜிக்கும் மனித நோய்க்கும் உள்ள உறவு மிகத் தெளிவாகத் தெரிந்த இடங்களில் ஒன்று குரோன்ஸ்தான். 2007இல் ஐரோப்பிய நோயாளிகளின் மரபணுக்களை அலசியபோது ஏடிஜி16எல்1 என்ற ஆட்டோஃபேஜி மரபணு கண்ணில் பட்டது. அது உருவாக்கும் புரதத்தில் 300ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. அந்த மாற்றம் இருந்தால், நெருக்கடி நேரத்தில் அந்தப் புரதம் சீக்கிரம் வெட்டுப்பட்டுப் போகிறது. சிறுகுடலின் குழிகளுக்கு அடியில் பானெத் செல்கள் என்று உண்டு. கிருமிக்கொல்லிப் பொருள்களை மணிமணியாகச் சேர்த்துவைத்து வெளியே விடுவது அவற்றின் வேலை. இந்த மரபணு குறைபட்ட எலிகளிலும், மாற்றம் உள்ள நோயாளிகளிலும் அந்த மணிகள் ஒழுங்கற்றுக் கலைந்து கிடந்தன. காவல் தளர்ந்த குடலில், பழக்கமான பாக்டீரியாவே சண்டைக்குக் காரணமாகிவிடுகிறது.

ஆனால் பயப்படாதீர்கள். ஐரோப்பியர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் இந்த மாற்றத்தின் ஒரு பிரதியாவது இருக்கிறது. அவர்களில் மிக மிகப் பெரும்பாலானவர்களுக்கு குரோன்ஸ் வருவதே இல்லை. எலியிலேயே மரபணுக் குறை மட்டும் போதவில்லை, கூடவே ஒரு நோரோவைரஸ் தொற்றும் வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் முக்கியம் என்று கண்ட நாட்2 என்ற இன்னொரு மரபணுவின் மாற்றங்கள் நம் நாட்டு நோயாளிகளிடம் அபூர்வம். அதனால் தம்பிக்கு மரபணு டெஸ்ட் எடுக்க ஆயிரக்கணக்கில் செலவு செய்யாதீர்கள், சிகிச்சை அதனால் மாறப்போவதில்லை.

இதில் ஒரு விசித்திரம்: டிபி கிருமியை நம் செல்கள் கொல்கிற வழிகளில் ஒன்றும் இதே ஆட்டோஃபேஜிதான், 2004இல் காட்டினார்கள். தம்பியை இரண்டு நோய்க்கும் நடுவில் அலைக்கழித்த குழப்பத்துக்கு அடியில் இப்படி ஒரு பொதுவான வேர் இருக்கிறது.

அவருக்கு இப்போது முக்கியம் மூன்று விஷயம். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே விட வேண்டும், குரோன்ஸை அது நேரடியாகக் கெடுக்கும். டிஎன்எஃப் தடுப்பு ஊசி போடலாம் என்று சொன்னால், அதற்கு முன் மறைந்திருக்கும் டிபிக்கான சோதனை நடந்ததா என்று கேளுங்கள், ஏற்கெனவே சாப்பிட்ட டிபி மருந்தின் சீட்டையும் காட்டுங்கள். அப்புறம், எடை குறைந்த பையனை யாரும் ஆட்டோஃபேஜி என்று பட்டினி போடச் சொன்னால் வீட்டு வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

என் உடம்பில் ஆட்டோஃபேஜி எவ்வளவு நடக்கிறது என்று ரத்தப் பரிசோதனையில் பார்க்க முடியுமா? ஒரு லேப் பேக்கேஜில் பார்த்தேன்.
— வாசகர், திருப்பூர்

முடியாது. ஆய்வகத்தில்கூட மூட்டைகளை எண்ணினால் போதாது, அவை கரைகின்றனவா தேங்குகின்றனவா என்று தனியாகப் பார்க்க வேண்டும். பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

பரம்பரையாக மஞ்சள் மண்டி வைத்திருக்கிறோம். மஞ்சளில் உள்ள குர்குமின் ஆட்டோஃபேஜியைத் தூண்டி அழற்சியைக் குறைக்கிறது என்று கேப்சூல் விற்கிறார்கள். நம்ம மஞ்சளையே சாப்பிட்டால் போதாதா?
— வாசகர், ஈரோடு

2019இல் புவிசார் குறியீடு வாங்கிய மஞ்சளைப் பற்றி ஈரோட்டுக்காரரிடம் குறை சொல்ல எனக்குத் தைரியம் வராது. கணக்கை மட்டும் சொல்கிறேன். மஞ்சளில் குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதம். 2006இல் ஜப்பானில் பெருங்குடல் புண் நோய்க்காரர்களுக்கு வழக்கமான மெசலமைன் முதலிய மருந்தோடு சேர்த்துத் தினம் 2 கிராம் குர்குமின் கொடுத்தபோது நோய் திரும்புவது குறைந்தது. 2 கிராமுக்கு ஏறக்குறைய 65 கிராம் மஞ்சள்தூள் வேண்டும். எந்த ரசத்தில் போடுவீர்கள்? குழம்பு மஞ்சள் ருசிக்கும் நிறத்துக்கும்தான், தாராளமாகச் சாப்பிடுங்கள்.

கேப்சூலுக்கு வருவோம். குர்குமின் ரத்தத்தில் ஏறுவது மிகக் குறைவு என்பதால் மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்க்கிறார்கள். 1998இல் பெங்களூரில் செய்த சோதனையில் 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்ததும் குர்குமின் ஏறுவது இருபது மடங்கானது. அதே பைப்பரின் வலிப்பு மாத்திரை ஃபெனிடாயினின் அளவையும் ஏற்றிவிடும். இந்த வகைக் கேப்சூல்களால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி இத்தாலியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் அறிக்கைகள் வந்திருக்கின்றன. கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த செல்லில் ஆட்டோஃபேஜியைத் தூண்டியது என்பதை வைத்து யாராவது விற்றால், வாங்க வேண்டாம். நீங்களும் விற்க வேண்டாம்.

தென்னந்தோப்பு விவசாயி, வயது 48. யூரிக் ஆசிட் உண்டு. கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்து முடித்த ராத்திரி, கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூட உயிர் போனது. கறி இல்லை, பீர் இல்லை, முருகனுக்கு இருந்த விரதத்தில் ஏனுங்க இப்படி?
— வாசகர், பொள்ளாச்சி

முருகன் மேல் தப்பில்லைங்க. இது கௌட், யூரிக் ஆசிட் படிகத்தால் வரும் மூட்டுவலி. பட்டினியில் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் உண்டாக்கும். சிறுநீரகத்தில் கீட்டோன் வெளியேறும்போது யூரிக் ஆசிட் வெளியேற வழி குறைந்துபோகும், ரத்தத்தில் ஏறும். தண்ணீரும் குறைவாகக் குடித்திருப்பீர்கள். படிகங்கள் மூட்டில் சேர்ந்து, முதல் பதிலில் சொன்ன இன்ஃப்ளமசோமைக் கிளப்பிவிட்டன. யூரேட் படிகம் அதைக் கிளப்பும் என்பது 2006இல் தெரிந்தது.

கீட்டோன்களில் ஒன்றான பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் அதே இன்ஃப்ளமசோமை அடக்கும் என்றும் 2015இல் ஆய்வகத்தில் கண்டார்கள். வீடியோக்காரர்களுக்கு இது கிடைத்தால் விடுவார்களா? ஆனால் உங்கள் பெருவிரலில் எது ஜெயித்தது என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது வீக்கம் வந்த முதல் நாளிலேயே டாக்டர் சொல்லும் அளவில், இந்த வீக்கத்தை அடக்கும் கோல்சிசின் மாத்திரை எடுங்கள். பேதி வந்தால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அல்லோபியூரினால் மாத்திரையை ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் வலி நேரத்திலும் விட வேண்டாம். பிரஷருக்கு நீர் மாத்திரையோ, இதயத்துக்குச் சின்ன ஆஸ்பிரினோ சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை. இரண்டுமே யூரிக் ஆசிட்டை ஏற்றும். தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

அடுத்த சஷ்டிக்கு விரதம் இருந்தே ஆக வேண்டும் என்றால் ஒரு வேளை உண்டு இருங்கள். பாலும் தண்ணீரும் நிறையக் குடிக்கலாம். பழனிக்கு நடந்து போவதாக இருந்தால், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே யூரிக் ஆசிட் பார்த்துவிடுங்கள். 6க்குக் கீழே இருந்தால் நடங்கள்.